கரையிலே சிதறும் செல்வம்

இரவென்றும் பகலென்றும் பாராது உழைப்பவன் தொழிலாளி. அவனைப் போலவே ஓயாது உழைப்பது கடலலை. அந்த உழைப்போ பாறையிலே மோதி, நுரையாகி, வீணாகிறது. அதை விளக்கேற்றும் மின்சாரமாக்க முடியுமா? முடியும் என்று 1991-ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டனர் சென்னை ஐ.ஐ.டி. பொறியியலாளர்கள், திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞத்திலே!

அவர்கள் செய்தது மாயமல்ல, மந்திரமல்ல. கடலிலே பெரியதொரு கான்கிரீட் அறை. அதன் வாய் நீருக்கடியிலே. அலை ஏறினால் அறைக்குள்ளிருக்கும் காற்று வெளியே பாயும். அலை இறங்கினால் வெளிக்காற்று உள்ளே பாயும். கொல்லன் பட்டறைத் துருத்தியேதான்! எந்தப் பக்கம் காற்றடித்தாலும் ஒரே திசையிலே சுற்றும் சுழலியை ஆலன் வெல்ஸ் என்ற அறிஞர் முன்னரே கண்டு தந்திருந்தார். 150 கிலோவாட் திறனுள்ள நிலையம் எழுந்தது. இன்று அது இயங்கவில்லை.

இடர்கள் உண்டு, மறைக்கமாட்டோம். தென்மேற்குப் பருவக்காற்றிலே சீறும் கடல், மற்ற நாட்களிலே சோம்பிக் கிடக்கும். சீற்றத்தைத் தாங்கும் இயந்திரத்துக்குச் சோம்பல் நாளிலே தீனி போதாது. உப்போ இரும்பைத் தின்னும். போர்ச்சுகல் நாட்டுக் கடலிலே 2008-இல் மிதக்கவிட்ட மூன்று இயந்திரங்களும் அதே ஆண்டிலே கரைக்கு இழுத்து வரப்பட்டன!

ஆனால், 2011-இல் ஸ்பெயினின் முத்ரிக்கு துறைமுகத்திலே என்ன செய்தனர்? எப்படியும் கட்டியாக வேண்டிய அலைதடுப்புச் சுவருக்குள்ளேயே அறைகளை அமைத்து, 16 சுழலிகளைப் பொருத்தினர். சுவர் ஒன்று, பயன் இரண்டு! இதுவன்றோ சிக்கனம்?

2022-இல் தூத்துக்குடிக் கடலிலே சென்னை ஐ.ஐ.டி. மீண்டும் முயன்றது. கிடைத்தது 100 வாட். "ஒரு மின்விசிறிக்குத்தானா இத்தனை பாடு?" என்று கேலி பேசுவோர் உண்டு. தத்தித் தத்தி நடக்கும் குழந்தையை ஓட்டப் பந்தயத்திலே நிறுத்துவாருண்டோ? "சூரிய மின்சாரம் மலிவு" என்பார்கள். மெய்தான். ஆனால் சூரியன் மாலையிலே விடைபெறுகிறான். அலை இரவிலும் வேலைக்கு வருகிறது!

விழிஞத்திலே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீள அலைதடுப்புச் சுவருடன் 2025-இல் துறைமுகம் திறக்கப்பட்டது. அதற்கு முன், 2022-இலே, கரை அரிக்கிறது, வீடு போகிறது என்று மீனவர்கள் அங்கே போராடியதையும் நாடு கண்டது. அந்தக் குரலைக் கேளாமல் கடலிலே ஒரு கல்லும் இறங்கக் கூடாது. மின்சாரத்தின் பேராலும் கூடாது!

ஆகவே கேட்கிறோம்: இனி எழும் ஒவ்வொரு அலைதடுப்புச் சுவரின் வரைபடத்திலும் மின் அறைக்கு இடமுண்டா என்று முதலிலே ஆராயுங்கள். மீனவரை அழைத்துப் பேசி, வலை விரிக்கும் வழியை விட்டு வையுங்கள். அங்கே பிறக்கும் மின்சாரத்திலே முதல் விளக்கு மீனவர் குப்பத்திலே எரியட்டும்! கடல் தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கிறது. கரையிலிருப்போர் தம் வேலையைத் தொடங்க வேண்டும்.