நகையும் இலக்கியமே

எண்வகை மெய்ப்பாடுகளைத் தொகுத்த தொல்காப்பியர் நகையை முதலில் வைத்தார். நகை பிறக்கும் களன்களுள் எள்ளலை முதலில் வைத்தார். அவர் வழிவந்தோம் என்று மேடைதோறும் முழங்கும் நாமோ, நகைச்சுவை ஏடுகளைப் பழைய தாள் வாங்குபவரின் தராசில் வைக்கிறோம். புனேயில் குடியேறிய முதியவர்கள் தொடர்கதைகளோடும் துணுக்குகளோடும் தைத்துக் கட்டிக் காத்த விகடன் தொகுதிகள், அவர்களுக்குப்பின் கிலோக் கணக்கில் வீட்டை விட்டுப் போவதை நாம் கண்டிருக்கிறோம். கேட்டால், "வெறும் சிரிப்புப் பத்திரிகைதானே!" என்கிறார்கள். அந்த 'வெறும்' என்னும் சொல்லோடுதான் நமக்கு வழக்கு.

1928-இல் எஸ். எஸ். வாசன் கைக்கு வந்த ஆனந்த விகடன் வெறும் சிரிப்பையா விற்றது? அதில் 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் இசையையும் நாட்டியத்தையும் திரைப்படத்தையும் கல்கி எள்ளி எடைபோட்டார். புகழ்பெற்ற கலைஞரும் விமரிசனத்துக்கு உட்பட்டவரே என்று பொதுவாசகர் கற்றது அக்கேலியில்தான். துப்பறியும் நாவல்கள் கொடிகட்டிப் பறந்த காலத்துக்குப்பின் வந்த தேவன், அசட்டு வங்கிக் குமாஸ்தா ஒருவரைத் தற்செயலின் தயவால் வெல்லும் துப்பறிவாளராக்கினார். அந்நாவல்களின் முகத்துக்கு நேரே பிடித்த கண்ணாடியே துப்பறியும் சாம்பு. 1970-இல் சோ தொடங்கிய துக்ளக், ஆட்சியாளரின் மேடைப்பேச்சையே நையாண்டிக்கு உள்ளாக்கியது.

சிரிப்பு வெறும் சிரிப்பானால் அதிகாரம் ஏன் அஞ்ச வேண்டும்? 1987-இல் சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் கேலி செய்த அட்டைப்படத் துணுக்குக்காக, விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு வலுக்கவே சில நாட்களில் விடுவித்தது. பின்னர் உயர்நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது.

அவ்வேடுகளில் மனைவியையும் மாமியாரையும் வேலைக்காரரையும் தாழ்த்திய துணுக்குகள் இல்லையா என்பார் சிலர். உண்டு, அவற்றுக்காக நாம் நாண வேண்டும். ஆனால் எரிப்பது விடையன்று. ஒரு காலம் எதைக் கண்டு சிரித்தது என்பதும் அக்காலத்தின் வரலாறே.

நாம் வாழும் மண்ணைப் பாருங்கள். மராத்தியர் தீபாவளி மலர்களில் நகைச்சுவைக்கெனவே தனி மலர்கள் வைத்துப் போற்றுகின்றனர். மைசூர்த் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, இளமையில் கொரவஞ்சி என்னும் கன்னட நகைச்சுவை ஏட்டில் வரைந்த ஆர். கே. லக்ஷ்மண், 2015-இல் மறைந்தது இப்புனேயில்தான். அவர் படைத்த சாமானிய மனிதனுக்கு இந்நகரின் சிம்பயாசிஸ் நிறுவனம் சிலையே எடுத்தது. நமக்கோ ஓர் அலமாரி ஒதுக்க மனமில்லை.

இழப்பு தாளோடு போவதன்று. நம் ஆண்டுவிழாவில் குறளைத் தடையின்றி ஒப்பிக்கும் குழந்தைக்குச் சாம்புவின் அசட்டுத்தனத்தைப் படித்துக் காட்டுங்கள். அது சிரிக்காமல் நம் முகத்தையே பார்க்குமானால், மொழி நம் வீட்டை விட்டுப் புறப்பட்டுவிட்டது என்று பொருள். பொருள் தெரியாமல் ஒப்பிக்கலாம்; பொருள் தெரியாமல் சிரிக்க முடியாது.

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை தராசு வாசலுக்கு வரும்போது அத்தொகுதிகளைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். திங்களுக்கு ஒரு மாலை, பிள்ளைகளோடு அமர்ந்து உரக்கப் படிப்போம். அவர்கள் நம்மோடு சேர்ந்து சிரிக்கட்டும். ஒப்பித்தலுக்குப் பரிசளிப்பதைப் பிறகு பார்ப்போம்.