யாக்கோபுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள்

பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், "எல்லாம் இறைவனின் சித்தம், அம்மா" என்று சொல்வதற்கு இவர்களுக்கு அதிகாரம் கொடுத்தவர் யார்? வன்னியில் மே மாத நினைவுத் திருப்பலிகளிலும் செபக் கூட்டங்களிலும் ஆண்டுக்கணக்காக இந்தச் சொல்லைக் கேட்டு வருகிறேன். இதன் பின்னாலேயே வேறு இரண்டும் வரும். "மன்னித்து விடுங்கள்." "இருக்கிற பிள்ளைகளைப் பாருங்கள்." சொல்பவர்கள் தீயவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் சொல்வது பொய். அதுவும் கடவுளின் பெயரால் சொல்லப்படும் பொய்.

2009இல் முள்ளிவாய்க்கால் பதுங்குகுழிகளின் மேல் விழுந்த எறிகணைகளை ஏவியவர்கள் மனிதர்கள். அதற்கு முன்னர், வீட்டுக்கொரு பிள்ளை என்று வாசலில் வந்து நின்று இழுத்துச் சென்றவர்களும் மனிதர்களே. வட்டுவாகலில் கையளிக்கப்பட்டவர்களைப் பேருந்துகளில் ஏற்றிக்கொண்டு போனவர்களும் மனிதர்களே. "சித்தம்" என்று சொன்ன கணத்திலேயே இவர்கள் எல்லாரும் தப்பித்துக்கொள்கிறார்கள். குற்றவாளிக் கூண்டில் கடவுள் தனியாக நிற்கிறார்.

விவிலியத்தை விரித்து வைத்துக்கொண்டே இதைச் சொல்கிறார்களே என்பதுதான் என் ஆற்றாமை. தொடக்க நூலில் யாக்கோபின் கதையை இவர்கள் வாசித்ததில்லையா? சகோதரர்கள் யோசேப்பை விற்றுவிட்டு, அவனுடைய அங்கியை ஆட்டு இரத்தத்தில் தோய்த்துத் தகப்பனிடம் கொண்டுவந்து, இது உம் மகனுடையதா பாரும் என்கிறார்கள். உலகின் முதல் போலி மரணச் சான்றிதழ் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பிறகு அதே பிள்ளைகள் ஆறுதல் சொல்லவும் வருகிறார்கள். யாக்கோபு ஆறுதலை ஏற்க மறுத்துவிடுகிறான். அவனை விசுவாசமற்றவன் என்று விவிலியம் ஓரிடத்திலும் கண்டிக்கவில்லை.

நம் தாய்மாருக்கும் அந்த அங்கி நீட்டப்பட்டது. காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், விசாரணைகளின் பின் மரணச் சான்றிதழ் தரலாம் என்று 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். எப்படி இறந்தார்கள், எங்கே, யார் கையில்? அதற்குப் பதில் வரவில்லை. 2022இல் குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாக அமைச்சரவை தீர்மானித்தது. கொண்டுபோனவர்களே ஆறுதலும் கொண்டுவந்தால் ஒரு தாய் அதை எப்படி ஏற்பாள்?

ஆனாலும் யோசேப்பே பின்னர் "என்னை இங்கு அனுப்பியது கடவுள்" என்ற பொருளில் பேசுகிறானே என்று சிலர் என்னிடம் வாதிட்டதுண்டு. உண்மைதான். அதைச் சொன்னவன் யார் என்று பாருங்கள். குழியில் தள்ளப்பட்டவன், அதையும் உயிரோடு மீண்டு, உண்மை வெளிப்பட்ட பிறகுதான் சொன்னான். விற்றவர்கள் தகப்பனிடம் அப்படிச் சொல்லியிருந்தால் அது தேவ நிந்தனை. மன்னிப்பும் அப்படித்தான். அது யோசேப்பு கொடுக்க வேண்டியது. பிள்ளை எங்கே என்று தெரியாத தாயிடம் போய் அதை வசூலிக்க முடியாது.

இனி, "இருக்கிற பிள்ளைகளைப் பாருங்கள்" என்ற அறிவுரை. இதில் பாதி உண்மை உண்டு என்பதை மறுக்கமாட்டேன். யாக்கோபு பென்யமினை வெளியே விடவே இல்லை. பஞ்சத்தில் தானியம் வாங்கப் பத்துப் பேர் எகிப்துக்குப் போனபோதும் அவன் மட்டும் வீட்டில். வன்னியில் எத்தனை பென்யமின்கள்! பொழுது சாய்ந்தபின் வாசல் தாண்ட அனுமதியில்லாத இளைஞர்கள், அண்ணனின் படத்துக்கு முன்னால் அவனுக்கும் சேர்த்துப் படித்து அவனுக்கும் சேர்த்து உழைக்க வேண்டியவர்களாக வளர்க்கப்பட்ட பெண்பிள்ளைகள். இது அந்தப் பிள்ளைகள் மீது சுமத்தப்பட்ட அநியாயம்தான். ஆனால் அதற்கு மருந்து தாயின் அழுகையை நிறுத்துவதா? யாக்கோபு மனம் மாறியது உபதேசத்தால் அல்ல. "இவனுக்கு நான் பிணை, என்னிடம் கணக்குக் கேளுங்கள்" என்று யூதா முன்வந்த பிறகுதான். அந்த யூதாதான் யோசேப்பை விற்கலாம் என்று முதலில் சொன்னவன்! பொறுப்பேற்க ஓர் ஆள் வந்தபோது தகப்பனின் பிடி தளர்ந்தது.

திருச்சபைக்கு இது தெரியாததல்ல. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளில் கொல்லப்பட்டவர்களுக்காகக் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை உண்மையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். 2022 மார்ச்சில் ஜெனீவாவரை போய்க் கேட்டார். கட்டுவாப்பிட்டியப் பெற்றோரிடம் கடவுளின் சித்தம் என்று சொல்லி அவர் கோப்பை மூடவில்லை. அது சரியான காரியம். வன்னிப் பெற்றோருக்கு மட்டும் ஏன் வேறு இறையியல்?

நம்மிடமும் முன்மாதிரி இருந்தது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் பிரசங்கம் செய்யவில்லை, கணக்குக் கேட்டார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். வெளியே வந்தவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்பதே அவர் கேள்வி. 2021இல் கண்மூடும் வரை அவருக்குப் பதில் கிடைக்கவில்லை. 2009 மே 18 அன்று சரணடைந்தவர்களோடு போன பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரும் திரும்பி வரவில்லை.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். கையில் செபமாலையோடும் நெற்றியில் திருநீற்றோடும் ஒரே பாயில் இருந்த தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அங்கே போய் அவர்களோடு உட்கார்ந்த குருக்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை கூறவில்லை. மற்றவர்களுக்கு ஒன்று சொல்வேன். யோபுவின் நண்பர்கள் ஏழு நாட்கள் வாய் திறவாமல் அவனோடு தரையில் அமர்ந்திருந்தவரை சரியாகவே நடந்தார்கள். கடவுளின் சார்பில் விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அவருடைய கோபத்துக்கு ஆளானார்கள்.

ஆறுதல் சொல்ல அவசரப்படாதீர்கள். யாராவது பிணை நில்லுங்கள்.