சோதனைக் குழாயும் சுருக்குக் கம்பியும்

அருகிவரும் உயிரினங்களை விஞ்ஞானத்தின் துணைகொண்டு மீண்டும் பெருக்கிவிடலாம் என்ற நம்பிக்கை இன்று உலகெங்கும் வலுத்துவருகிறது. அது வெறுங் கனவன்று. இந்தியாவில், ஜெய்சல்மேரில், கானமயில் என்னும் அரிய பறவைக்குச் செயற்கை முறையிற் கருவூட்டி 2024 ஒக்டோபரில் குஞ்சு பொரிக்கச் செய்தனர். மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால், கென்யாவில் நிகழ்வதையும் நம் மக்கள் அறிதல் வேண்டும். வட வெள்ளைக் காண்டாமிருகத்தின் கடைசி ஆண் 2018இல் மாண்டது. எஞ்சியிருப்பவை தாயும் மகளுமாக இரண்டே. இரண்டினாலும் கருவைச் சுமக்க இயலாது. எனவே மகளின் முட்டையை எடுத்து, உறையவைத்துக் காத்த விந்துடன் ஆய்வுகூடத்திற் சேர்த்துக் கருவாக்கி, தென்னினத் தாயொன்றின் வயிற்றில் வளர்க்க அறிஞர் பாடுபடுகின்றனர். முன்னோட்டமாகத் தென்னினக் கருவொன்றை வைத்துப் பார்த்தார்கள். சுமந்த தாய் நோய்த்தொற்றால் இறந்தது. வயிற்றில் எழுபது நாட் கரு இருந்ததென 2024இல் அறிவித்தனர். முறை பலிக்கும் என்பதற்கு அந்தச் சாவே சான்றாயிற்று! கொம்புக்காகக் கொன்றவனின் துப்பாக்கியை அன்றே தடுத்திருந்தால் இவ்வளவு பாடு எதற்கு?

ஊவாவில் நிலை அவ்வளவுக்கு முற்றவில்லை. தேயிலை மலைகளை அடுத்த காட்டுத் துண்டுகளிற் சிறுத்தை இன்னும் தானாகவே குட்டி ஈனுகிறது. அதற்கு ஆய்வுகூடம் வேண்டாம். சுருக்குக் கம்பியில்லாத தடம் வேண்டும். 2020 மே மாதத்தில் நல்லதண்ணியிற் கம்பியிற் சிக்கிய கறுஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டுசென்றும் பிழைக்கவில்லை. அத்தகைய கம்பிகள் பதுளைப் பக்கத்துக்கும் புதியவையல்ல.

கம்பி கட்டுவது குற்றம். சிறுத்தையைக் காக்க 1937ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதைத் தளர்த்தும்படி நாம் கேட்கவில்லை. ஆயினும், லயத்துக்குப் பின்னால் நட்ட மரவள்ளியைக் காட்டுப்பன்றி கிளறிப்போட, வேலியடிக்க வக்கில்லாதவன் கம்பியை நாடுகிறான். அவனைக் கூண்டில் ஏற்றிவிட்டால் அடுத்த கம்பி நின்றுவிடுமா?

1992இல் அரசு தன் தோட்டங்களின் நிருவாகத்தைக் கம்பனிகளிடம் ஒப்படைத்தது. நிலத்தின் பயனை அனுபவிப்போர் அதன் பொறுப்பையும் ஏற்கட்டும். ஓடைக்கரைக் காடுகளை வெட்டாது விடுக. தொழிலாளியின் தோட்டத்துக்கு வேலி அமைத்துக் கொடுக்க. கம்பிகளைத் தேடி அகற்றும் நாளுக்கு, கொழுந்து பறிக்கும் நாளுக்குப்போலவே முழுப் பேர் போடுக. இவற்றைக் குத்தகை நிபந்தனையாக்கும்படி அரசாங்கத்தைக் கேட்கிறோம்.