தலைவலி நின்ற பிறகும் நிற்காத தலைசுற்றல்

புறநோயாளர் பிரிவுக்குத் தடித்த ஃபைலோடு வரும் ஒரு வகை நோயாளியை நாம் எல்லோரும் அறிவோம். பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுப் பெண்கள். கடுமையான மைக்ரேன் ஒன்று வந்து போயிருக்கும். வலி தணிந்து வாரங்கள் ஆகியும் தலை மிதக்கிறது, நடந்தால் தள்ளுகிறது, காலைச் சமையல் முடிவதற்குள் உடம்பு ஓய்ந்துவிடுகிறது என்பார்கள். எம்ஆர்ஐ நார்மல், செவித்திறன் சோதனை நார்மல். "உங்களுக்கு ஒன்றுமில்லை, டென்ஷன் ஆகாதீர்கள்" என்று சொல்லி, பீட்டாஹிஸ்டின் எழுதி அனுப்புகிறோம். அடுத்த மாதம் அதே ஃபைல் வேறொரு மருத்துவரின் மேசைக்குப் போகிறது.

இவர்களில் பலருக்குப் பெயர் சொல்லக்கூடிய, கண்டறியும் விதிகள் வகுக்கப்பட்ட, சிகிச்சை உள்ள நோய் இருக்கிறது. அது ஸ்கேனில் தெரியாது. நோயாளி சொல்வதை முறையாகக் கேட்டால் தெரியும். ஆகவே எல்லாச் சோதனைகளும் நார்மல் என்று வந்த இடத்தில் நம் வேலை முடிவதில்லை.

முதலில் காலக்கணக்கு. மைக்ரேனில் வலி ஓய்ந்த பின்னும் ஒரு கட்டம் உண்டு: போஸ்ட்ட்ரோம். களைப்பும் கவனச் சிதறலும் கழுத்து இறுக்கமும் இதன் அடையாளங்கள். 2016இல் நியூராலஜி இதழில் வெளியான நாட்குறிப்பு ஆய்வில் 120 பேரில் 97 பேர் இக்கட்டத்தில் ஏதேனும் ஒரு தொந்தரவைப் பதிவு செய்திருந்தார்கள். சர்வதேசத் தலைவலி வகைப்பாடு இதற்கு 48 மணி நேரத்தை எல்லையாக வைக்கிறது. அதைத் தாண்டியும் சோர்வு நீடித்தால், மாதத்தில் எத்தனை நாள் தலைவலி என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அடிக்கடி வருபவர்களுக்கு ஒரு தாக்குதலின் வால் அடங்குமுன் அடுத்ததன் தலை தொடங்கிவிடும். இடையில் நல்ல நாளே இருக்காது.

இரண்டாவது, வெஸ்டிபுலர் மைக்ரேன். உட்செவிச் சமநிலை உறுப்பு பற்றிய ஆய்வுக்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாரனியின் பெயரால் அமைந்த பாரனி சங்கமும், சர்வதேசத் தலைவலிச் சங்கமும் 2012இல் இதற்கான விதிகளைக் கூட்டாக வெளியிட்டன. 5 நிமிடம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும் மிதமான அல்லது கடுமையான தலைசுற்றல் குறைந்தது 5 முறை வந்திருக்க வேண்டும். மைக்ரேன் இப்போதோ முன்போ இருந்திருக்க வேண்டும். பாதித் தாக்குதல்களிலாவது மைக்ரேன் தன்மையுள்ள தலைவலியோ, வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து தாங்காத நிலையோ, கண்முன் ஒளிக்கோடுகளோ உடன்வர வேண்டும். வேறு நோயால் இவற்றை விளக்க முடியாதிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தலை வலித்தே ஆக வேண்டும் என்ற விதி கிடையாது. "தலைவலி இல்லையே, பிறகெப்படி மைக்ரேன்?" என்று நாமே கேட்டுவிடுவதால் இந்த நோய் நம் கையை விட்டு நழுவுகிறது.

மூன்றாவது நிலை பலருக்குப் புதிது. பெர்சிஸ்டன்ட் போஸ்ச்சுரல் பெர்செப்சுவல் டிஸ்ஸினெஸ், சுருக்கமாக பிபிபிடி. 1986இல் பிராண்ட்டும் டீட்டரிச்சும் விவரித்த ஒரு தலைசுற்றல் வகையிலிருந்து வளர்ந்த கருத்து இது. 2017இல் பாரனி சங்கம் இதற்கும் விதிகள் வகுத்தது. மூன்று மாதம் அல்லது அதற்கு மேல், பெரும்பாலான நாட்களில் மிதப்போ தள்ளாட்டமோ இருக்கும், அறை சுழலாது. எழுந்து நின்றால் கூடும், அசைந்தால் கூடும், கண்ணெதிரே நிறைய நகர்ந்தால் கூடும். ஜவுளிக்கடைக் கூட்டம், ஓடும் பேருந்தின் ஜன்னல், விரலால் தள்ளத் தள்ள நகரும் மொபைல் திரை ஆகியவற்றைச் சொன்னாலே நோயாளி முகம் மாறும்: "அதேதான் டாக்டர்" என்பார்.

இதன் இயக்கத்தை நோயாளிக்கு விளக்க முடியும். வழுக்கி விழுந்தவர் ஈரத் தரையில் விரல்களை ஊன்றி, உடம்பை விறைத்து நடப்பார். அது சரியான தற்காப்பு. தரை காய்ந்த பிறகும் அப்படியே நடந்தால் அதுவே உபாதை. கடுமையான தலைசுற்றலின்போது மூளை உட்செவித் தகவலைக் குறைத்து, கண்ணை அதிகம் நம்பி, தசைகளை இறுக்கிக்கொள்கிறது. தாக்குதல் முடிந்தும் அந்தப் பழக்கத்திலிருந்து அது மீளாததே பிபிபிடி. நாள் முழுக்க இப்படி உடம்பைக் கட்டிக் காத்தால் மாலையில் அசதி வராமல் என்ன செய்யும்? மைக்ரேன் தாக்குதலும் பிபிபிடியும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு என்பதால் இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும்.

பெயர் சூட்டும் அவசரத்தில் எளிய காரணங்களைத் தவறவிடக் கூடாது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை உண்டு. ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரை ஆகியவற்றைப் பார்ப்போம். படுக்க வைத்தும், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தம் பார்ப்போம். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் விடை அங்கேயே இருக்கலாம். நாடித்துடிப்பை 10 நிமிடம் வரை கவனித்தால் பாட்ஸ் நோயும் பிடிபடும். மைக்ரேன் உள்ளவர்களுக்கு உட்செவிக் கற்கள் இடம் பெயர்வதும் கூடுதல் என்பதால் டிக்ஸ்-ஹால்பைக் சோதனையை விட்டுவிடக் கூடாது. திடீரெனத் தொடங்கிய தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், பிடிமானமின்றி நிற்க முடியாமை, புதிதாகக் காது கேளாமை ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் அது அவசரச் சிகிச்சைக்குரியது.

நாம் கொடுத்த மாத்திரைகளையும் சந்தேகிக்க வேண்டும். ப்ரொப்ரனலால் களைப்பைத் தரும். அமிட்ரிப்டிலின் காலையிலும் தூங்க வைக்கும். டோபிரமேட் சொற்களை மறக்கடிக்கும். வாந்தியும் சுழற்சியும் கடுமையாக உள்ள ஓரிரு நாளுக்குரிய ப்ரோக்ளோர்பெரசினும் சின்னரிசினும் மாதக்கணக்கில் தொடர்வதை அன்றாடம் காண்கிறோம். அவை மூளை தன்னைச் சரிசெய்துகொள்வதைத் தாமதப்படுத்தும். முதியவர்களுக்குப் பார்க்கின்சன் போன்ற நடுக்கத்தையும் விறைப்பையும் தரும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பாராசிட்டமால் போன்ற வலி மாத்திரை, அல்லது 10 நாளோ அதற்கு மேலோ ட்ரிப்டான் எடுப்பவருக்கு மாத்திரையே தலைவலியை வளர்க்கும்.

சிகிச்சையில் வெஸ்டிபுலர் மறுவாழ்வுப் பயிற்சிக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை. 1940களில் தலைக்காயமுற்ற படைவீரர்களுக்காகப் பிரிட்டனில் காதோர்னும் குக்சியும் வகுத்த பயிற்சிகளே இதன் வேர். பிபிபிடி நோயாளிக்குச் சிறிய அளவில் தொடங்கி, வாரந்தோறும் மெல்லக் கூட்ட வேண்டும். முதல் நாளே அதிகம் செய்ய வைத்தால் அவர் திரும்பி வரமாட்டார். எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகள் குறைந்த அளவில் தொடங்கி 8 முதல் 12 வாரத்தில் பலருக்குப் பலன் தருகின்றன; அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் துணை நிற்கும். வெஸ்டிபுலர் மைக்ரேனுக்கான தடுப்பு மருந்துகளில் ஆதாரம் மெலிந்தே இருக்கிறது: மெட்டோப்ரலாலை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு 2019இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு பாதியில் நின்றது, வித்தியாசமும் தெரியவில்லை. எனவே உடனிருக்கும் நோய்களைப் பார்த்து மருந்தைத் தேர்ந்து, போதிய காலம் கொடுத்து, பலனை அளந்து பார்ப்பதே நேர்மை. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், பட்டினி விரதத்தைத் தவிர்த்தல் ஆகியவற்றையும் மருந்துச் சீட்டிலேயே எழுதலாம்.

எஸ்எஸ்ஆர்ஐ எழுதும்போது "மனநோய் மாத்திரையா?" என்று குடும்பம் கேட்கும். அதற்கு நாம் தரும் பதிலைப் பொறுத்தே சிகிச்சை நிற்கும் அல்லது கவிழும். இது கற்பனையுமல்ல, சோம்பலுமல்ல. மூளையின் சமநிலைக் கட்டுப்பாடு இடறியிருக்கிறது, அதைப் பழக்கித் திருத்தலாம் என்று கணவரையும் மாமியாரையும் உடன் வைத்துச் சொல்லுங்கள். வீட்டில் "நடிக்கிறாள்" என்ற பேச்சைக் கேட்டவருக்கு அந்த விளக்கமே பாதி மருந்து.

அடுத்து இப்படியொரு நோயாளி வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எது கூட்டுகிறது? நிற்க வைத்து ரத்த அழுத்தம் பாருங்கள். பொருந்தும் பெயரைச் சீட்டில் எழுதி, மறுபடி வர வேண்டிய தேதியையும் எழுதிக் கொடுங்கள். "ஒன்றுமில்லை" என்ற சொல்லோடு இனி எவரையும் திருப்பி அனுப்ப வேண்டாம்.