திருப்பூர் தமிழன்ஸை எப்படி எடைபோடுவது?

2024 ஆகஸ்ட் 2 அன்று தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் இரண்டாம் தகுதிச்சுற்றில் ஐடிரீம் திருப்பூர் தமிழன்ஸ் 108 ரன்னுக்குச் சுருண்டது. எதிரணியான திண்டுக்கல் டிராகன்ஸ் ஒரே ஒரு விக்கெட்டை மட்டும் இழந்து அந்த இலக்கைத் தாண்டியது. பதினொரு மாதம் கழித்து, 2025 ஜூலை 6 அன்று, இதே இரண்டு அணிகளும் நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் இறுதிப் போட்டியில் மோதின. துஷார் ரஹேஜா 77, அமித் சாத்விக் 65 என அடித்து ஆட, திருப்பூர் 220 ரன் எடுத்தது. அஸ்வின் தலைமையிலான நடப்புச் சாம்பியன் 102-இல் முடிந்தது. கோப்பை முதன்முறையாகத் திருப்பூர் பெயருக்கு வந்தது.

திருப்பூரில் நெருப்பெரிச்சல் போன்ற பனியன் கம்பெனிப் பகுதிகளில் இந்த அணியைத் தங்கள் அணியாக நினைப்பவர்கள் ஏராளம். அவர்கள் பேச்சில் ஓராண்டுக்குள் "இந்த டீம் தேறாது" என்பது "நம்ம டீமை யாரும் அசைக்க முடியாது" என்று மாறிவிடுகிறது. அதே அணிதான். அப்படியிருக்க இந்த இடைவெளியில் உண்மையில் மாறியது என்ன? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், ஓர் ஆட்டத்தின் முடிவில் என்னவெல்லாம் கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வீரர்களின் திறமை ஒன்று. தற்செயல் இன்னொன்று. அன்றைக்கு யார் உடல்தகுதியோடு இருந்தார்கள் என்பது மூன்றாவது. ரசிகர்களின் வாக்குவாதம் பெரும்பாலும் முதலாவதைப் பற்றியே நடக்கிறது. மற்ற இரண்டும் எப்படி இயங்குகின்றன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

தற்செயலிலிருந்து தொடங்குவோம். இந்த லீக்கில் எட்டு அணிகள். ஒவ்வொன்றும் மற்ற ஏழு அணிகளோடு ஒருமுறை மோதும். ஆக, லீக் சுற்றில் ஓர் அணிக்குக் கிடைப்பது ஏழே ஆட்டம். எட்டு அணிகளும் எள்ளளவும் வித்தியாசம் இல்லாத சமபலம் கொண்டவை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆட்டமும் காசைச் சுண்டிப் போட்டதற்குச் சமம். அப்போதும் ஓர் அணி ஏழில் ஐந்தோ அதற்கு மேலோ வெல்ல 128-க்கு 29 வாய்ப்பு உண்டு. அதாவது நூற்றுக்கு 23 அளவு. எட்டு அணிகளுக்கும் சேர்த்துப் பார்த்தால், சராசரியாக ஒன்று அல்லது இரண்டு அணிகள் வெறும் தற்செயலாலேயே ஐந்து வெற்றியோடு பட்டியலின் உச்சியில் நிற்கும். அதே கணக்கில் இன்னும் ஒன்றிரண்டு அணிகள் இரண்டு வெற்றியைத் தாண்டாமல் அடியில் கிடக்கும். முதல் வகை அணிக்கு மாலை விழும். இரண்டாவது வகையின் பயிற்சியாளருக்கு வேலை போகும். இரண்டு அணிகளுக்கும் இடையே திறமையில் எந்த வேறுபாடும் இருந்திருக்காது.

அமெரிக்காவின் பேஸ்பால் லீக்கோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அங்கே ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆடுகிறது. ஏழில் ஐந்து என்பது ஏறத்தாழ நூற்றுக்கு 71. 162 ஆட்டத்தில் அதே விகிதத்தை எட்ட 116 வெற்றி வேண்டும். சமபல அணி ஒன்று தற்செயலால் 116 வெல்லும் வாய்ப்பு கோடியில் ஒன்றுக்கும் குறைவு. 162 ஆட்டப் பருவத்தில் அந்த எண்ணைத் தொட்ட அணி ஒன்றே ஒன்று: 2001-இன் சியாட்டில் மரைனர்ஸ். ஆட்டங்கள் கூடக் கூடத் தற்செயலின் பங்கு கரைந்து, திறமை மேலே வருகிறது. அதனால்தான் அங்குள்ள ரசிகர் ஏப்ரல் மாதத்தில் ஏழு ஆட்டம் தோற்றாலும் பொறுத்துக்கொள்கிறார். நமக்கு ஏழு ஆட்டத்தோடு லீக் சுற்றே முடிந்துவிடுகிறது.

அந்த மரைனர்ஸும் கடைசியில் கோப்பையை வெல்லவில்லை. இறுதிக்கு முந்தைய தொடரில் நியூயார்க் யாங்கீஸிடம் தோற்றது. 2025-இல் சேப்பாக் சூப்பர் கில்லீஸுக்கும் இதே கதிதான். லீக் சுற்றில் ஏழுக்கு ஏழு வென்ற அணி அது. முதல் தகுதிச்சுற்றில் திருப்பூரிடமும், அடுத்ததில் திண்டுக்கல்லிடமும் தோற்று வெளியேறியது. கில்லீஸ் இரண்டே ஆட்டத்தில் மோசமான அணியாகிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். திருப்பூரின் 2024 தோல்வியையும் அதே கண்ணோடு பார்ப்பதே நியாயம்.

அப்படியென்றால் எல்லாமே அதிர்ஷ்டமா? இல்லை. வெற்றி தோல்வியை மட்டும் எண்ணாமல், எவ்வளவு வித்தியாசத்தில் வந்தது என்றும் பார்த்தால் திறமை கொஞ்சம் தெரியும். அதற்குத்தான் நிகர ரன் விகிதம், அதாவது நெட் ரன் ரேட். ஓர் அணி ஓவருக்குச் சராசரியாக எடுத்த ரன்னிலிருந்து, ஓவருக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்னைக் கழித்தால் வருவது அது. இதில் ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். பத்து விக்கெட்டையும் இழந்த அணி எந்த ஓவரில் சுருண்டாலும், கணக்கில் முழு 20 ஓவராகவே வகுக்கப்படும். 2025 ஜூன் 8 அன்று கோவையில் நடந்த லீக் ஆட்டத்தில் திண்டுக்கல் 93-க்கு எல்லா விக்கெட்டையும் இழந்தது. 93-ஐ 20-ஆல் வகுத்தால் 4.65. திருப்பூர் அந்த இலக்கைப் பன்னிரண்டு ஓவருக்குள் ஒரு விக்கெட் இழப்பில் எட்டியது. ஓவருக்கு ஏறக்குறைய எட்டு ரன். அந்த ஓர் ஆட்டத்தில் மட்டும் நிகர விகிதம் 3-க்கு மேல். அஸ்வின் நடுவரின் எல்.பி.டபிள்யூ. தீர்ப்பில் கோபப்பட்டதுதான் அன்று ஊரெங்கும் பேச்சு. அணியை எடைபோட விரும்புகிறவர் கவனித்திருக்க வேண்டியது இந்த 3. நான்கு வாரத்துக்குப் பிறகு இறுதிப் போட்டியில் வந்த 118 ரன் வித்தியாசம் திடீரென முளைத்ததல்ல. முதல் தகுதிச்சுற்றில் கில்லீஸை 79 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தியதும் அதே வரிசையில் வருவதுதான். பெரிய வித்தியாசங்கள் திரும்பத் திரும்ப வந்தால் அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

இனி காயம். ரசிகர்கள் அதிகம் பேசுவதும், அவர்களுக்கு மிகக் குறைவாகத் தெரிவிக்கப்படுவதும் இதுதான்.

குறுகிய லீக்கில் காயத்தின் விலை அதிகம். தொடையின் பின்பக்கத் தசையில், ஹாம்ஸ்ட்ரிங் என்று வர்ணனையாளர்கள் சொல்வதில், லேசான இழுப்பு ஏற்பட்டால் குணமாக ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். தசை பாதி கிழிந்தால் நான்கு முதல் எட்டு வாரம். முழுதாக அறுந்தால் சில மாதம். 2025 பருவம் ஜூன் 5-இல் தொடங்கி ஜூலை 6-இல் முடிந்தது. எனவே லேசான இழுப்பே பாதிப் பருவத்தைத் தின்றுவிடும். நடுத்தரக் காயம் என்றால் அந்த வீரரை அடுத்த ஆண்டுதான் பார்க்கலாம். ஆறு மாதம் நடக்கும் பேஸ்பால் பருவத்தில் அந்த லேசான இழுப்பு பத்தில் ஒரு பங்கு ஆட்டத்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போகலாம்.

வேகப்பந்து வீச்சாளர்களின் நிலை இன்னும் நுட்பமானது. பந்தை விடும் கணத்தில் முன்காலில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை இறங்குகிறது. கீழ்முதுகு வளைந்து முறுகுகிறது. தொடர்ந்து வீசும்போது முதுகெலும்பில் மயிரிழை போன்ற விரிசல் விழுவதுண்டு. அழுத்த முறிவு என்று பெயர். அது குணமாகப் பல மாதம் வேண்டும். முழங்காலும் அடிபடும் இடம்தான். சேலம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜனை நினைத்துப் பாருங்கள். 2016-இல் இந்த லீக்கில் திண்டுக்கல்லுக்கு ஆடினார். அடுத்த ஆண்டே பஞ்சாப் அணி அவரை ஐ.பி.எல்.லில் 3 கோடிக்கு எடுத்தது. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். 2021 ஏப்ரலில் முழங்கால் அறுவை சிகிச்சை. உச்சிக்கும் மருத்துவமனைக் கட்டிலுக்கும் இடையே சில மாதம்தான். அவர் பின்னாளில் திருப்பூருக்கு வந்தபோது, "முன்னைப் போல இல்லை" என்று சொன்னவர்கள் இந்த இடைக்காலத்தையும் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

பேஸ்பாலிலும் பந்து வீசுபவர்களுக்குத்தான் கண்டம். அங்கே அடிபடுவது முழங்கை. 1974-இல் டாமி ஜான் என்ற வீரரின் முழங்கைத் தசைநார் அறுந்தபோது, மருத்துவர் ஃபிராங்க் ஜோப் அவருடைய மறுகையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து அங்கே வைத்துத் தைத்தார். ஓராண்டுக்கு மேல் ஓய்வெடுத்துத் திரும்பிய டாமி ஜான் அதன்பின் 164 ஆட்டங்களை வென்றார். அந்த அறுவை சிகிச்சைக்கே இன்று அவர் பெயர்தான். ஆனால் அங்குள்ள ரசிகருக்கு உண்மையில் உதவுவது வேறொன்று: காயப் பட்டியல். அடிபட்ட மட்டையாளரின் பெயரை அதில் சேர்த்தால் குறைந்தது 10 நாள் அவர் ஆட முடியாது. பந்து வீசுபவருக்கு 15 நாள். நீண்ட காயத்துக்கு 60 நாள் பட்டியல். அவருடைய இடத்தில் அணி இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். யாருக்கு, எந்த உறுப்பில், எந்தத் தேதியிலிருந்து என்பது பொதுவில் அறிவிக்கப்படும். அவசரத்துக்கு ஆடவைத்துக் காயத்தைப் பெரிதாக்கும் ஆசையை இந்த விதி ஓரளவு கட்டுப்படுத்துகிறது.

நம் ஊரில் இதோடு நாட்காட்டியின் நெருக்கடியும் சேர்கிறது. 2025-இல் ஐ.பி.எல். இறுதிப் போட்டி ஜூன் 3. தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியது ஜூன் 5. திருப்பூரின் தலைவர் சாய் கிஷோர் குஜராத் டைட்டன்ஸுக்காக ஐ.பி.எல். முழுவதும் வீசி 19 விக்கெட் எடுத்துவிட்டுத் திருப்பூருக்கு வந்தார். ஜூலை 6-இல் கோப்பையை வாங்கிய கையோடு, அதே மாதம் இங்கிலாந்தின் சர்ரே கவுண்டிக்கு ஆடப் போனார். ஆகஸ்டில் கையில் காயம்; துலீப் கோப்பையில் ஆட முடியவில்லை. கைக்காயத்துக்குப் பணிச்சுமைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இப்படிப்பட்ட ஆண்டில் ஒரு வீரரின் ஒவ்வொரு வாரமும் எங்கே போகிறது என்று பார்க்காமல் அவருடைய ஆட்டத்துக்கு மதிப்பெண் போடுவது சரியாகாது.

காயம் வந்தபின் அணியைக் காப்பாற்றுவது பெஞ்ச், அதாவது வெளியே அமர்ந்திருக்கும் வீரர்கள். நெருப்பெரிச்சலில் பவர் டேபிள் தையல் யூனிட் நடத்துபவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஓவர்லாக் டைலர் ஒருவர் வராவிட்டால் பேட்லாக்கில் இருப்பவருக்கு வேலை இல்லை. செக்கிங்கில் பீஸ் வராது. சனிக்கிழமை கணக்கு இடிக்கும். ஓவர்லாக்கும் தெரிந்த இன்னொருவரை வைத்திருக்கும் முதலாளி தப்பிக்கிறார். ஆனால் அந்த இன்னொருவருக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அணிச் சேர்க்கையின் மொத்தச் சிக்கலும் இந்தச் சம்பளத்தில்தான் இருக்கிறது.

இந்த லீக்கில் வீரர்கள் ஏலத்தில் எடுக்கப்படுகிறார்கள். 2023-இல்தான் ஏலம் வந்தது. அதற்கு முன் அணிகள் முறைவைத்து வீரர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டன. முதல் ஏலத்தில் ஓர் அணியின் கையிருப்பு, அதாவது செலவழிக்கக்கூடிய மொத்தத் தொகை, 70 லட்சம். அதில் 16 முதல் 20 வீரர்கள் வேண்டும். அடிப்படை விலை நான்கு படிகளில் இருந்தது: 10 லட்சம், 6 லட்சம், 3 லட்சம், ஒன்றரை லட்சம். 2024 ஏலத்தில் திருப்பூர் சாய் கிஷோருக்கு 22 லட்சமும் நடராஜனுக்கு 11.25 லட்சமும் கொடுத்தது. இரண்டும் சேர்ந்து 33.25 லட்சம். 70 லட்சத்தை அளவுகோலாக வைத்தால், இரண்டே பேருக்குக் கிட்டத்தட்ட பாதி. மீதியில்தான் மற்ற எல்லாரும்.

இது சரியான கணக்கா, தவறா? இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் நான்கு ஓவர்தான் வீச முடியும். எனவே எவ்வளவு பெரிய பந்துவீச்சாளரானாலும் இன்னிங்ஸில் ஐந்தில் ஒரு பங்குதான் அவர் கையில் இருக்கிறது. அவருக்கு அடிபட்டால் கொடுத்த பணம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். மறுபுறம், சாய் கிஷோர் போன்றவர் தலைமையும் ஏற்று, பக்கத்தில் வீசும் இளையவர்களையும் நடத்திச் செல்கிறார். அதற்கு ஸ்கோர்கார்டில் கட்டம் இல்லை. 2025-இன் விடை பெரும்பாலும் பெரிய பெயர் இல்லாதவர்களிடமிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இறுதிப் போட்டியில் விக்கெட்டுகளைப் பகிர்ந்துகொண்டவர்கள் மோகன் பிரசாத், இசக்கிமுத்து, ரகுபதி சிலம்பரசன் போன்றவர்கள். ஒன்பது ஆட்டத்தில் 488 ரன் எடுத்து லீக்கின் முதல் மட்டையாளராக வந்த துஷார் ரஹேஜாவும் இந்திய அணிக்கு ஆடியவர் அல்ல. பெயர் தெரியாத வரிசையில் சரியான ஆளைக் கண்டுபிடித்ததுதான் அந்த ஆண்டின் சாதனை என்று தோன்றுகிறது.

அணி ஊரோடு கொண்ட உறவும் இந்தக் கணக்குக்குள் வருகிறது. காரைக்குடி காளை என்ற பெயரில் தொடங்கிய அணி 2021 பருவம் முதல்தான் திருப்பூர் பெயரில் ஆடுகிறது. 2025 ஆட்டங்கள் கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் ஆகிய இடங்களில் நடந்தன, திருப்பூரில் நடக்கவில்லை. ஷிஃப்ட் முடித்து வரும் ரசிகர் தன் அணியைத் தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோதான் பார்க்கிறார். பயிற்சியில் யார் நொண்டினார், யார் வலையில் வீசவில்லை என்பது அவர் கண்ணுக்கு எட்டாது. அவருக்குச் செய்தி வேண்டும்.

ஆகவே தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்திடம் ஒரு சிறு மாற்றத்தை எதிர்பார்க்கலாம். பேஸ்பாலில் உள்ளதுபோல, பருவம் நடக்கும் அந்த ஒரு மாதத்துக்கு எட்டு அணிகளின் காயப் பட்டியலையும் தேதியோடு வெளியிடலாம். வீரரின் மருத்துவ விவரம் முழுதும் வேண்டியதில்லை. அடிபட்ட இடம், விலகிய நாள், எதிர்பார்க்கும் காலம் ஆகியவை போதும். மாதம் ஒன்றுதான் என்பதால் குறைந்தபட்ச ஓய்வை 7 நாள் என்று வைத்தாலும் தகும். ஏழு நாளில் ஒரு வீரர் தவறவிடக்கூடியது ஒன்று அல்லது இரண்டு ஆட்டம்தான்.