திருத்த மறுத்த மூக்கு

கௌபாய் படங்களில் கதாநாயகனைவிட அவன் கையால் சுடப்பட்டுச் சாகிறவர்கள்தான் எனக்கு அதிகம் நினைவிருப்பார்கள். அவர்களில் முதலிடம் லீ வான் கிளீஃபுக்கு. பெயர் தெரியாதவர்களுக்கும் முகம் தெரிந்திருக்கும். 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' படத்தின் 'பேட்' அவர்தான். கழுகு மூக்கு, இடுங்கிய கண்கள். அவர் சிரித்தாலே யாருக்கோ நேரம் சரியில்லை என்று தோன்றும்.

1925இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். போரின்போது கடற்படையில் இருந்தார். திரும்பி வந்து கணக்கர் வேலை பார்த்தார் என்றால் நம்பச் சிரமமாக இருக்கிறது. நடிப்பு வேலை முடிந்த பிறகான பொழுதுபோக்கு. பிறகு 'மிஸ்டர் ராபர்ட்ஸ்' நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போனபோது, தயாரிப்பாளர் ஸ்டான்லி கிரேமர் கண்ணில் பட்டார்.

கிரேமர் அப்போது எடுக்கவிருந்த படம் 'ஹை நூன்'. கதாநாயகனின் உதவி அதிகாரி வேடம், நல்ல வேடம், தருகிறோம் என்றார்கள். ஒரே நிபந்தனை: அறுவை சிகிச்சை செய்து மூக்கைச் சீராக்கிக்கொள்ள வேண்டும். முதல் படம், எதிரில் இருப்பவர் பெரிய தயாரிப்பாளர். நம்மில் எத்தனை பேர் மறுத்திருப்போம்? அவர் மறுத்தார். வேடம் லாயிட் பிரிட்ஜஸுக்குப் போனது. வான் கிளீஃபுக்குக் கிடைத்தது கொலைகாரக் கூட்டத்தில் ஓர் ஆள். படம் முழுக்க ஒரு வசனம்கூட இல்லை. ஆனால் 1952இல் அந்தப் படம் வந்தபோது, ரசிகர்கள் திரையில் பார்த்த முதல் முகம் அவருடையது.

அந்த மறுப்புக்கு அவர் கொடுத்த விலை 13 ஆண்டுகள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் கௌபாய் தொடர்கள் குவிந்த காலம் அது. 'கன்ஸ்மோக்', 'தி ரைஃபிள்மேன்', 'பொனான்சா' என்று எல்லாவற்றுக்கும் வாராவாரம் ஒரு புது வில்லன் தேவை. வருவார், மிரட்டுவார், சாவார். அடுத்த வாரம் கதாநாயகன் இருப்பான், இவர் இருக்கமாட்டார். சினிமாவிலும் அதே கதிதான். 1962இல் 'தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்' படத்தில்கூட லீ மார்வினின் அடியாளாகத்தான் நின்றார்.

இதற்கிடையில் 1958இல் கார் விபத்தில் முழங்கால் சிதைந்தது. கௌபாய் நடிகர் குதிரையேறவே சிரமப்பட்டால் யார் கூப்பிடுவார்கள்? வாய்ப்புகள் குறைய, ஓவியம் வரைந்து பிழைப்பைப் பார்த்தார். டெலிபோன் பில் கட்டவும் பணமில்லாத நிலை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த நேரத்தில்தான் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே தேடி வந்தார். பழைய படங்களில் பார்த்த அந்த முகம் அவருக்கு மறக்கவில்லை. 1965இல் 'ஃபார் எ ஃபியூ டாலர்ஸ் மோர்' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட்டுக்குச் சமமாக கர்னல் மார்ட்டிமர் வேடம். தங்கையின் சாவுக்குப் பழிவாங்க வருகிறவர். கடைசித் துப்பாக்கிச் சண்டையில் ஈஸ்ட்வுட் ஓரமாக நின்று பார்க்க, சுடுவது வான் கிளீஃப். லியோனேயின் கேமரா முகத்துக்கு மிக அருகில் போகும் என்பது தெரிந்ததுதான். கிரேமர் வெட்டச் சொன்ன மூக்கு திரை முழுக்க நிறைந்தது. அப்போது அவருக்கு வயது 40.

அதற்குப் பிறகு ஐரோப்பாவில் அவர் பெயரைச் சொல்லியே படங்கள் ஓடின. 1984இல் 'தி மாஸ்டர்' தொடரில் நிஞ்சாவாகவும் வந்தார். அதை ரசிகர்கள் மன்னிக்கலாம். 1989இல் காலமானார்.

'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' மறுபடி பார்க்க வாய்த்தால், கல்லறைத் தோட்டத்துச் சண்டையில் துப்பாக்கியை நோக்கி நகரும் அவர் வலது கையைக் கவனியுங்கள். நடுவிரலின் நுனி இருக்காது. லியோனே அதை மறைக்கவில்லை. கேமராவை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.