ஏலத்தில் வந்த பித்தளை எந்த ஆலயத்து உபயம்?

திருவிழா நெருங்கும் வேளையில் ஆலயத்திற்கு வந்து சேரும் உபயப் பொருள்களில் பழைய பித்தளைச் சாமான்களும் இடம்பெறுவதுண்டு. ஏலத்திலோ பழம்பொருள் கடையிலோ எடுக்கப்பட்டவை அவை. எடுத்த அன்பருக்கே அது இன்னதென்று தெரியாது. கோயில் பொருள்போல் இருக்கிறதே என்ற நல்லெண்ணத்தோடு கொண்டு வருகிறார். நிர்வாகத்தினரும் நன்றி கூறி, புளி போட்டுத் துலக்கி, அலமாரியில் வைத்து விடுகின்றனர். இவ்வழக்கம் மாற வேண்டும்.

முதலில் அது என்ன பொருள் என்று அறிதல் வேண்டும். அடியில் ஒரே ஒரு சிறு துளையும் மேலே தொங்கவிடச் சங்கிலியும் உள்ள கலம் ஓட்டைப் பாத்திரம் அன்று. சிவலிங்கத் திருமேனி மீது சொட்டுச் சொட்டாக நீர் விழச் செய்யும் தாராபாத்திரம். பல துளைகளையுடைய வட்டத் தட்டைச் சமையலறைச் சல்லடை என்று எண்ணுவோர் உண்டு. அது அபிஷேகத்திற்குரிய சகஸ்ரதாரையாக இருக்கலாம். குல்லாய்போல் கவிந்து, உச்சியில் இரு திருவடிகள் பொறித்திருந்தால் அது பெருமாள் கோயிலில் பக்தர் தலைமீது வைக்கப்படும் சடாரி. அறியாதவர் அதை மணியென்று நினைத்து உள்ளே நாக்கைத் தேடுவார்! பித்தளை என்று விற்கப்படுவது சில வேளைகளில் பித்தளையே அன்று. செம்பும் துத்தநாகமும் கலந்தது பித்தளை. செம்பும் வெள்ளீயமும் கலந்தது வெண்கலம். சிலையின் பீடத்தில் இருபுறமும் துளைகளோ வளையங்களோ இருந்தால், அது வீதியுலா கண்ட உற்சவ மூர்த்தியாக இருக்கக்கூடும்.

ஆதலால் துலக்கும் முன் நன்கு பார்த்தல் வேண்டும். விளிம்பிலோ அடியிலோ புள்ளி புள்ளியாகக் குத்தி வெட்டிய எழுத்துகள் இருக்கலாம். உபயகாரர் பெயரும் ஊர்ப் பெயரும், நம் நாட்டுப் பொருளாயின் தோட்டத்தின் பெயரும் அதில் கிடைக்கக்கூடும். தோட்டங்கள் கைமாறி, மக்கள் வெளியேறி, கோயில்கள் பெயர்க்கப்பட்டபோது, அவற்றின் விளக்குகளும் மணிகளும் எங்கெங்கோ சிதறின. தோட்டத் தொழிலாளர் தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் செய்வித்த பொருள்கள் அவை. நான்கு எழுத்தைத் தேய்த்து அழித்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் உபயமே அழிந்து போகிறது.

விலை கொடுத்து வாங்கியதில் குற்றம் என்ன என்று கேட்கலாம். தஞ்சைப் பகுதியிலுள்ள பத்தூர்ச் சிவாலயத்து நடராசரைக் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று 1982இல் இலண்டனில் நல்லெண்ணத்தோடுதான் வாங்கியது. ஆயினும் பாழடைந்து கிடந்த அந்த ஆலயத்தின் உரிமையை இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் ஏற்றுக்கொண்டது. நடராசர் தாயகம் திரும்பினார். அவ்வழக்கில் சிலைமேல் படிந்திருந்த மண்ணும் கறையான் தடமும்கூட ஆராயப்பட்டன. துலக்கியிருந்தால் அந்தச் சான்றுகள் ஏது?

சிங்கப்பூர் அன்பர்கள் அறிந்த செய்தியும் ஒன்றுண்டு. அங்குள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007இல் 650,000 அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கிய உமா பரமேஸ்வரி, அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் ஆலயத்துத் தெய்வம். 2015இல் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆலயத்து நடராசர் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014இல் மீட்கப்பட்டார். அவரை அடையாளம் காட்டியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம். அந்தப் படம் இல்லையேல் வெறும் வாய்ப்பேச்சே மிஞ்சியிருக்கும்.

நம் ஆலயங்களில் எத்தனைக்கு அத்தகைய படங்கள் உள்ளன? நன்கொடை வெள்ளிக் கணக்கை ஒரு காசு பிசகாமல் எழுதும் நிர்வாகங்கள், பாத்திரங்களைப் பொறுத்தவரை "பித்தளைச் சாமான் - ஒரு பெட்டி" என்று எழுதி முடித்து விடுகின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் படம், எடை, உயரம், வெட்டெழுத்து, வந்த விதம் ஆகியவற்றைக் குறித்து வைக்க ஒரு வார உழைப்பும் ஒரு தடித்த பதிவேடும் போதும்.

ஏலத்தில் எடுத்துக் கொடுப்பவரிடம் ஏலச்சீட்டையும் கேட்டு வாங்கி உடன் வைத்தல் வேண்டும். கேட்டால் மனம் புண்படுமோ என்று தயங்குவோர் பலர். அந்தப் பொருளுக்குரிய ஆலயம் இன்றும் இருப்பது தெரியவந்தால், அங்கேயே கொண்டு சேர்க்கலாம். அப்போது பழைய உபயகாரர் பெயருக்கு அருகில் மீட்டுக் கொடுத்தவர் பெயரும் எழுதப்படும்.